ஏமன் சண்டைச் செய்தியை குழம்பாம படிக்கிறது எப்படி

ஏமன் பத்தி நியூஸ் வந்தா நம்ம பக்கம் பெரும்பாலும் ஒரே வரிதான் ஓடும், இந்தப் பக்கம் ஈரான், அந்தப் பக்கம் சவூதி, ஷியா சன்னி சண்டை, அவ்ளோதான். அந்த ஒரு வரிய வச்சுக்கிட்டு 2015ல இருந்து வந்த செய்திங்கள வரிசையா படிச்சுப் பாருங்க, பாதி செய்தி அதுக்குள்ள உக்காரவே உக்காராது. சவூதியும் எமிரேட்ஸும் (ஐக்கிய அரபு அமீரகம்) ஒரே கூட்டணின்னு சொல்றாங்க, ஆனா 2019 ஆகஸ்ட்ல எமிரேட்ஸ் போர் விமானம் ஏடனுக்குப் பக்கத்துல குண்டு போட்டது சவூதி தூக்கிப் பிடிச்ச அரசாங்கத்தோட படை மேல. வடக்கு மலையில கிளம்புன ஆயுத இயக்கமான ஹூதிகளோட ஆறு ரவுண்டு போர் நடத்துன முன்னாள் ஜனாதிபதி அலி அப்துல்லா சாலே, 2014ல அதே ஹூதிங்க தலைநகர் சனாவுக்குள்ள வர வழி விட்டாரு, 2017 டிசம்பர்ல அவங்க கையாலயே செத்தாரு. அந்த சாலேவும் பொறந்தது ஸைதி (ஷியாவுல ஒரு கிளை) குடும்பம்தான், ஹூதிங்களும் ஸைதிதான். மதப்பிரிவ வச்சு இத எப்படி விளக்குவீங்க?

நான் பல வருஷமா இந்த ஊர் செய்திய தொடர்ந்து படிக்கிறேன். எனக்கு கைகொடுத்த முறைய கீழ எழுதறேன், யாராவது செங்கடல்ல கப்பல் அடிபட்டுச்சுன்னு ஃபார்வர்ட் பண்ணும்போது அது நிஜமா, நிஜம்னா அதுக்கு என்ன அர்த்தம்னு நீங்களே யோசிச்சு ஒரு முடிவுக்கு வர இது உதவும்.

முதல்ல மேப்ப எடுங்க. நாட்டோட எல்லைக்கோட்ட பாக்காதீங்க, மேடு பள்ளத்தப் பாருங்க. வடக்கும் மேற்கும் மலை, சனா கடல் மட்டத்துல இருந்து 2,200 மீட்டருக்கும் மேல இருக்கு, ஹூதிகளோட பிறந்த மண்ணான ஸாதா இன்னும் வடக்க, சவூதி எல்லைய ஒட்டி. ஜனத்தொகையில மூணுல ரெண்டு பங்கு இந்த ஹூதி கட்டுப்பாட்டுப் பகுதியிலதான் இருக்காங்க. மலைக்கு மேற்கால இறங்குனா செங்கடல் கரையில ஹொதைதா துறைமுகம், வடக்கு ஏமனுக்கு வர்ற கோதுமை, டீசல், மருந்து எல்லாம் பெரும்பாலும் அது வழியாத்தான். தெற்கால ஏடன், அங்கேர்ந்து மேற்க போனா செங்கடலோட தெற்கு வாசலான பாப் அல் மந்தப் ஜலசந்தி, குறுகலான இடத்துல 30 கிலோமீட்டர் அகலம்கூட தேறாது. சனாவுக்குக் கிழக்க மாரிப், அங்க எண்ணெய், கேஸ். கிழக்க ஹத்ரமவுத், பரப்பளவு ரொம்ப பெருசு, ஜனம் கம்மி, நாட்டோட எண்ணெய்ல பெரும்பங்கு அங்க. இந்த அஞ்சாறு பேர் மனசுல பதிஞ்சுட்டா போதும், எந்த ஊர்ல சண்டைன்னு பாத்ததுமே எதுக்கு சண்டைன்னு பாதி புரிஞ்சிடும். ஹொதைதான்னா சாப்பாட்டு வழி, மாரிப்னா காசு, தென்மேற்குல இருக்கிற தாயிஸ்னா நகரத்தையே நடுவுல பொளந்து வச்ச முற்றுகை.

அடுத்து கொஞ்சம் பழங்கதை, இத தாண்டிப் போயிடாதீங்க. வடக்கு ஏமன ஸைதி இமாம்கள் ஆண்டாங்க, 1962ல ராணுவம் கவுத்துச்சு, உள்நாட்டுப் போர் வந்துச்சு. அப்ப குடியரசுக்காரங்களுக்கு எகிப்து ஜனாதிபதி நாசர் படை அனுப்புனாரு, இமாம் பக்கம் நின்னது யாரு தெரியுமா, சவூதி. அதாவது ஸைதி இமாமுக்கு ஆயுதமும் பணமும் கொடுத்தது இதே சவூதி அரசகுடும்பம்தான். அன்னைக்கு அவங்க பயம் நாசரோட புரட்சி தன் நாட்டுக்குள்ள வந்துடுமோங்கறது, மதம் அங்க ரெண்டாம்பட்சம். தெற்கு கதை வேற. 1839ல பிரிட்டிஷ் ஏடன புடிச்சு, 1937 வரைக்கும் பிரிட்டிஷ் இந்தியாவோட சேத்துதான் நிர்வாகம் பண்ணாங்க, 1967 நவம்பர்ல விடுதலை, அப்புறம் அரபு உலகத்துலயே ஒரே மார்க்சிய அரசு அங்கதான் இருந்துச்சு. 1990 மே மாசம் ரெண்டும் ஒண்ணாச்சு, நாலு வருஷத்துல தெற்கு பிரிஞ்சு போக பாத்துச்சு, 1994 ஜூலைல சாலே படை ஏடன புடிச்சு அத முடிச்சுவச்சுது. தெற்குல இன்னைக்கும் பழைய கொடி பறக்குதுன்னா அந்த 1994 வலிதான் காரணம், தோத்துப்போன தெற்கு ராணுவ ஆளுங்க வேலையும் நிலமும் போய் நின்னாங்க.

சாலே மேல கொஞ்சம் அதிகமா நேரம் செலவு பண்ணுங்க, ஏன்னா கூட்டணி இங்க எப்படி மாறுதுங்கறதுக்கு அவர விட நல்ல பாடம் கிடையாது. 1978ல வடக்குல ஜனாதிபதியாகி 33 வருஷம் உக்காந்திருந்தாரு. 1990ல ஈராக் குவைத்துக்குள்ள போனப்ப ஏமன் ஐநா பாதுகாப்பு கவுன்சில்ல இருந்துச்சு, படை பலத்துக்கு அனுமதி கொடுக்கிற தீர்மானத்த எதிர்த்து ஓட்டு போட்டுச்சு, உடனே அமெரிக்கா உதவிய வெட்டுச்சு, அதே நிலைப்பாட்டுக்காக சவூதி ஏற்கனவே லட்சக்கணக்கான ஏமன் தொழிலாளிகள வெளியேத்த ஆரம்பிச்சிருந்துச்சு. ஒரே நிலைப்பாடு, ஒரு நாட்டோட பொருளாதாரமே சாஞ்சுபோச்சு. 2001க்கு அப்புறம் அதே சாலே அல்கொய்தாவ அடிக்கிறேன்னு சொல்லி அமெரிக்காவுக்கு தோழன். 2004ல இருந்து 2010 வரை ஸாதாவுல ஹூதிங்களோட ஆறு போர், முதல் போர்லயே அவங்க தலைவர் ஹுசைன் அல் ஹூதி கொல்லப்பட்டாரு, தம்பி அப்துல் மாலிக் தலைவரானாரு. 2011ல மக்கள் எழுந்தாங்க, நவம்பர்ல சவூதி தலைநகர் ரியாத்துல கையெழுத்து போட்டு பதவி விட்டாரு, பதிலுக்கு அவர் மேல வழக்கு கிடையாதுன்னு பாதுகாப்பு கிடைச்சுது. பதவிக்கு வந்தது அவரோட துணை ஜனாதிபதி மன்சூர் ஹாதி. பதவி போனாலும் ராணுவத்துல சாலே ஆளுங்க அப்படியே இருந்தாங்க. 2014 ஜூலைல ஹாதி அரசு எரிபொருள் மானியத்த வெட்டுச்சு, ஜனம் கொதிச்சுது, செப்டம்பர் 21 அன்னைக்கு ஹூதிங்க சனாவ புடிச்சாங்க, சாலேவோட படைப்பிரிவுங்க பெருசா தடுக்கல. அவருக்கு ஹாதிய இறக்கணும், ஹூதிங்களுக்கு தலைநகர் வேணும், அவ்ளோதான் அந்த உறவு. மூணு வருஷம் கழிச்சு, 2017 டிசம்பர் 2ஆம் தேதி சவூதியோட பேசத் தயார்னு டிவில சொன்னாரு, 4ஆம் தேதி உயிரோட இல்ல. அவரோட சகோதரர் மகன் தாரிக் சாலே தப்பிச்சுப் போய் எமிரேட்ஸ் உதவியோட செங்கடல் கரையில ஹூதிகளுக்கு எதிரா படை கட்டுனாரு.

இப்ப முறைக்கு வரலாம். ஒவ்வொரு குழு பேர் வரும்போதும் மூணு கேள்வி கேளுங்க. இவங்க யாரு ஜெயிக்கக் கூடாதுன்னு நினைக்கிறாங்க? இவங்க ஆளுங்களுக்கு சம்பளம் யாரு கொடுக்கிறா? இவங்க வேர் எந்த மண்ணுல? கொள்கை என்னன்னு கேக்கறத கடைசில வச்சுக்கோங்க, அது பொய்யின்னு இல்ல, ஆனா ஏமன்ல யாரு யாரோட சேருவாங்கன்னு கணிக்க முதல் மூணு கேள்விதான் அதிகம் உதவும்.

இஸ்லாஹ் கட்சிய எடுத்துக்கோங்க. எகிப்துல தொடங்குன முஸ்லிம் சகோதரத்துவ அமைப்போட சார்புள்ள கட்சி, பழங்குடி தலைவருங்களும் உள்ள இருக்காங்க, வேர் மாரிப்லயும் தாயிஸ்லயும். ஹூதிங்க ஜெயிக்கக் கூடாதுன்னு நினைக்கிறவங்க, அதனால சவூதி இவங்களோட வேலை செய்யுது. எமிரேட்ஸுக்கு சகோதரத்துவம்ங்கிற பேர் வந்தாலே ஆகாது, அதனால ஒரே கூட்டணிக்குள்ள ஒருத்தர் தூக்கிவிடறத இன்னொருத்தர் தள்ளிவிடறாரு. தெற்கு இடைக்கால கவுன்சில், செய்தில எஸ்டிசின்னு வரும், 2017 மே மாசம் ஐதரூஸ் அல் ஸுபைதி ஆரம்பிச்சது, அதுக்கு முந்தின மாசம்தான் ஹாதி அவர ஏடன் கவர்னர் பதவிலேர்ந்து தூக்குனாரு. அவங்களுக்கு தெற்கு தனி நாடா வேணும்னு இருந்துச்சு, படைக்கு பயிற்சியும் சம்பளமும் எமிரேட்ஸ் கொடுத்துச்சு. இப்ப 2019 ஆகஸ்ட்ட திரும்ப படிங்க, எஸ்டிசி ஏடன புடிக்குது, அரசாங்கப் படை திருப்பி எடுக்க வருது, எமிரேட்ஸ் குண்டு போடுது. மூணு கேள்விக்கும் பதில் தெரிஞ்சா இதுல குழப்பமே இல்ல. நவம்பர்ல ரியாத் ஒப்பந்தம் போட்டு சவூதி ரெண்டு பேரையும் ஒரு கூரைக்குள்ள உக்கார வச்சுது. 2022 ஏப்ரல்ல ஹாதி விலகி எட்டு பேர் கொண்ட தலைமைக் கவுன்சில் வந்துச்சு, தலைவர் ரஷாத் அல் அலிமி, அப்ப உள்ள ஸுபைதியும் இருந்தாரு, தாரிக் சாலேவும் இருந்தாரு, மாரிப் கவர்னர் சுல்தான் அல் அராதாவும் இருந்தாரு. தனி நாடு கேக்கறவரும் ஒரே நாடு சொல்றவரும் ஒரே மேஜைல, சேத்து வச்சிருந்தது ஹூதி பயமும் ரியாத்தோட பணமும்.

ஈரான் விஷயத்துல ரெண்டு பக்கமும் மிகைப்படுத்துறாங்க, அதனால இங்க நிதானமா இருங்க. ஏவுகணை பாகம், ட்ரோன் தொழில்நுட்பம், பயிற்சி, இதெல்லாம் ஈரான்கிட்ட இருந்து வருதுங்கறதுக்கு ஐநா நிபுணர் குழு அறிக்கைங்கள்லயே ஆதாரம் இருக்கு, அத மறுக்கிறது வீண். ஆனா ரிமோட் டெஹ்ரான்ல இருக்குன்னு சொல்றதும் சரி கிடையாது. ஸைதி மார்க்கம் ஈரானோட பன்னிரு இமாம் மார்க்கத்துல இருந்து வேற, ஹூதி இயக்கம் கிளம்புனது ஸாதாவுல சவூதி பாணி சலஃபி (கடுமையான சன்னி பிரிவு) பள்ளிங்க பரவுனதுக்கு எதிர்ப்பாவும் சனா அரசு அந்த மலைப் பகுதிய கண்டுக்காம விட்ட கோபத்துலயும். சனாவ புடிக்க வேணாம்னு ஈரான் சொல்லியும் ஹூதிங்க கேக்கலன்னு 2015ல அமெரிக்க அதிகாரிங்களே பத்திரிகைகளுக்கு சொல்லியிருக்காங்க. அதனால ஈரான் சொன்னதால ஹூதி செஞ்சாங்கன்னு எங்கயாவது படிச்சா, இதுல ஹூதிகளுக்கு சொந்த லாபம் என்னன்னும் சேத்து தேடுங்க, பெரும்பாலும் இருக்கும்.

இனி தினசரி செய்தி. அறிவிப்பு வேற நடப்பு வேற, இத கலந்துடாதீங்க. ஹூதி ராணுவப் பேச்சாளர் யஹ்யா சரீ டிவில வந்து "ஏமன் ஆயுதப் படை" இந்தக் கப்பல அடிச்சுதுன்னு சொல்லுவாரு. நம்ம சேனல்ல அது அப்படியே ஏமன் ராணுவம்னு வந்துடும், ஆனா ஐநா ஏத்துக்கிட்ட அரசாங்கத்தோட ராணுவமும் தன்ன அப்படித்தான் சொல்லிக்குது. எந்த ராணுவம்னு முதல்ல பாருங்க. அப்புறம் பிரிட்டன் கடற்படையோட வணிகக் கப்பல் எச்சரிக்கை மையம் அன்னைக்கு ஏதாவது சம்பவம் போட்டிருக்கான்னு பாருங்க, நேரம், எந்த கரையிலேர்ந்து எத்தனை கடல் மைல், கப்பலுக்கு சேதம் உண்டா இல்லையான்னு சுருக்கமா போடுவாங்க. அவங்க பக்கத்துல எதுவும் இல்லன்னா ஒரு நாள் பொறுங்க. வீடியோ வந்தா பழசான்னு பாருங்க, 2023 நவம்பர் 19 அன்னைக்கு காசா போரக் காரணம் சொல்லி ஹூதிங்க கேலக்ஸி லீடர் கப்பல்ல ஹெலிகாப்டர்ல இறங்குன வீடியோவ அதுக்கப்புறம் எத்தனையோ சம்பவத்துக்கு ஒட்டிப் போட்டுட்டாங்க. அதே அளவுகோல் எதிர்ப்பக்கத்துக்கும் வேணும். சவூதி கூட்டணி விமானம் ராணுவ இலக்கதான் அடிச்சோம்னு சொல்லும், 2018 ஆகஸ்ட் 9 ஸாதாவுல தஹ்யான் சந்தைக்கிட்ட ஸ்கூல் பஸ்ஸ அடிச்சப்பவும் முதல்ல அப்படித்தான் சொன்னாங்க, செத்ததுல 40 பேர் குழந்தைங்க. சில வாரம் கழிச்சுத்தான் தப்பு நடந்துடுச்சுன்னு ஒத்துக்கிட்டாங்க.

சண்டைச் செய்திய விட அமைதியான சில விஷயங்கள் அதிகம் சொல்லும். ஏடன்ல ஒரு டாலருக்கு எத்தனை ரியால், சனாவுல எத்தனை, இத பாக்கப் பழகுங்க. 2016 செப்டம்பர்ல ஹாதி மத்திய வங்கிய சனாவுல இருந்து ஏடனுக்கு மாத்துனாரு, ஏடன் புது நோட்டு அடிச்சுது, ஹூதிங்க தங்களோட பகுதில அந்த நோட்டு செல்லாதுன்னுட்டாங்க, ஒரே பேர்ல ரெண்டு பணம் ஆயிடுச்சு. சனாவுல டாலர் 530, 540 ரியால்னு கட்டிப் புடிச்சு வச்சிருக்காங்க, ஏடன்ல 2025 நடுவுல 2,500 தாண்டிப் போச்சு. ஏன்னா 2022 அக்டோபர்ல ஹூதி ட்ரோன்கள் ஹத்ரமவுத்தோட அல் தப்பா எண்ணெய் முனையத்த தாக்குச்சு, அதுல இருந்து அரசாங்கத்தால கச்சா எண்ணெய் ஏத்துமதி பண்ண முடியல, வருமானத்தோட முதுகெலும்பே போயிடுச்சு. ஏடன்ல கரண்ட் இல்லாம ஜனம் ரோட்டுக்கு வந்தாங்கன்னு படிச்சா அந்த அல் தப்பாவ நினைச்சுக்கோங்க. இன்னொன்னு கைதி பரிமாற்றம். 2020 அக்டோபர்ல ஆயிரத்துக்கும் மேல, 2023 ஏப்ரல்ல கிட்டத்தட்ட 900 பேர். இவங்க வீட்டுக்கு வர்ற நாள்லதான் பேச்சுவார்த்தை நிஜமா நகருதுன்னு நான் நம்புவேன், மேடைல கை குலுக்கறத பாத்து நம்ப மாட்டேன்.

ஒப்பந்தம்னு செய்தி வந்தா உடனே சந்தோஷப்படாம மூணு விஷயம் பாருங்க, யாரு கையெழுத்து, யாரு அதுல இல்ல, எந்த இடத்துக்கு மட்டும் பொருந்தும். 2018 டிசம்பர் ஸ்டாக்ஹோம் ஒப்பந்தம் ஹொதைதாவுல பெரிய ரத்தக்களறிய தடுத்துச்சு, அது பெரிய விஷயம், ஆனா நாடு முழுக்க போர்நிறுத்தம் கிடையாது, ஒரு வருஷத்துல சண்டை மாரிப் பக்கம் நகர்ந்துச்சு. 2022 ஏப்ரல் 2 போர்நிறுத்தம் காகிதத்துல அக்டோபரோட முடிஞ்சுது, ஆனா சவூதி குண்டுவீச்சும் எல்லை தாண்டி வர்ற ஏவுகணையும் அப்புறமும் நின்னேதான் இருந்துச்சு, ஏன்னா ரெண்டு பேருக்கும் அது தேவைப்பட்டுச்சு. 2025 மே 6, ஓமன் நடுவுல நின்னு அமெரிக்காவுக்கும் ஹூதிகளுக்கும் ஒரு உடன்பாடு வந்துச்சு, மார்ச் நடுவுல ஆரம்பிச்ச அமெரிக்க குண்டுவீச்சு நின்னுச்சு. எல்லாரும் செங்கடல் சரியாயிடுச்சுன்னு எழுதுனாங்க. அதுல இஸ்ரேல் இல்ல, மத்த நாட்டுக் கப்பலுங்களுக்கும் எந்த உறுதியும் இல்ல. ஜூலைல ஹூதி தாக்குதல்ல மேஜிக் சீஸ், எடர்னிட்டி சி ரெண்டு கப்பலும் கடலுக்கடியில போச்சு, எடர்னிட்டி சியில மாலுமிங்க செத்தாங்க. மே மாசச் செய்திய முழுசா படிச்சவங்களுக்கு இது அதிர்ச்சியா இருந்திருக்காது.

வெளிநாடுங்க கொள்கைய புரிஞ்சுக்க, அவங்க பேச்ச விட்டுட்டு எந்த அடிக்கு அப்புறம் பேச்சு மாறுச்சுன்னு பாருங்க. சவூதி 2015 மார்ச் 26 ஹூதிங்க மேல குண்டுவீச்ச ஆரம்பிச்சப்ப சில வாரத்துல முடியும்ங்கிற மாதிரிதான் இருந்துச்சு. 2019 செப்டம்பர் 14 சவூதியோட அப்கைக் எண்ணெய் ஆலை அடிபட்டுச்சு, ஹூதிங்க நாங்கதான்னாங்க, அமெரிக்கா ஈரான்தான்னுச்சு, ஆனா அமெரிக்கா ராணுவ பதிலடி எதுவும் தரல. ரியாத் அதுல இருந்து கணக்க மாத்திக்கிச்சுன்னு நான் நினைக்கிறேன், 1,300 கிலோமீட்டருக்கு மேல எல்லை இருக்கு, அடுத்தவன நம்பி அத காக்க முடியாது. 2023 மார்ச்ல பீஜிங்ல ஈரானோட உறவ புதுப்பிச்சுது, ஏப்ரல்ல சவூதி தூதர் சனாவுக்கே போய் ஹூதிங்களோட உக்காந்தாரு. எமிரேட்ஸ் 2019லயே தன் படைய பெரும்பாலும் எடுத்துடுச்சு, 2022 ஜனவரி 17 அபுதாபி மேல ஹூதிங்க நடத்துன தாக்குதல்ல செத்த மூணு பேர்ல ரெண்டு பேர் இந்தியர், ஒருத்தர் பாகிஸ்தானி, சண்டைல எந்தப் பங்கும் இல்லாத தொழிலாளிங்க. இந்தியா 2015 ஏப்ரல்ல ஏமன்ல இருந்து 4,600 பேருக்கும் மேல இந்தியர்கள வெளிய கொண்டுவந்துச்சு, கூடவே 41 நாட்டு ஆளுங்களயும், அது முடிஞ்சதுக்கு காரணம் சவூதிகிட்டயும் பேச முடிஞ்சுது தரையில இருந்தவங்ககிட்டயும் பேச முடிஞ்சுது. 2023 டிசம்பர்ல அமெரிக்கா செங்கடல் கூட்டுப்படை அமைச்சப்பவும் இந்தியா அதுல சேரல, தன் கப்பல்கள ஏடன் வளைகுடாவுல தனியா நிறுத்துச்சு, ஹூதி தாக்குதல்ல ட்ரூ கான்ஃபிடன்ஸ் சரக்குக் கப்பல் எரிஞ்சப்ப ஐஎன்எஸ் கொல்கத்தாதான் போய் மாலுமிங்கள காப்பாத்துச்சு. திருப்பூர் ஏத்துமதிக்காரங்களுக்கு இந்தக் கடல் எவ்வளவு முக்கியம்னு 2024 ஆரம்பத்துலயே தெரிஞ்சிருக்கும், ஐரோப்பா போற கப்பல் ஆப்பிரிக்காவ சுத்திப் போனதுல நாளும் ஏறுச்சு, வாடகையும் ஏறுச்சு.

செத்தவங்க எண்ணிக்கைய படிக்கும்போது தயவுசெஞ்சு கவனமா படிங்க. 2021 கடைசி வரைக்கும் 3,77,000 பேர்னு ஐநா வளர்ச்சித் திட்டம் மதிப்பிட்டுச்சு, அதுல கிட்டத்தட்ட 60 சதவீதம் பேர் குண்டுல சாகல, பசி, கெட்ட தண்ணி, மருந்தில்லாத ஆஸ்பத்திரி. 2017ல மட்டும் காலரா சந்தேக கேஸ் பத்து லட்சத்த தொட்டுச்சு. அதனால துறைமுகத்துல டீசல் கப்பல் நிக்குதுங்கற சின்னச் செய்தி, விமானத் தாக்குதல் செய்திக்கு சமமான செய்தி, டீசல் இல்லன்னா தண்ணி பம்ப் ஓடாது. ஒரு பக்கத்த மட்டும் குத்தம் சொல்ற பதிவ நம்பாதீங்க. கூட்டணி விமானங்க 25,000 தடவைக்கு மேல தாக்குனதா ஏமன் டேட்டா ப்ராஜெக்ட் எண்ணி வச்சிருக்கு, ஹூதிங்க புதைச்ச கண்ணிவெடில விவசாயிங்க கால் போகுது, 2024 ஜூன்ல இருந்து ஐநா ஊழியர்களயும் உள்ளூர் தொண்டு நிறுவன ஆளுங்களயும் புடிச்சு வச்சிருக்காங்க. ஏமன்காரங்களே எழுதறத படிங்க, சனா செண்டர் ஆய்வுகளும் மவாதனா மனித உரிமை அமைப்போட அறிக்கைகளும் ரெண்டு தரப்பு குத்தத்தையும் பேரு இடம் தேதியோட எழுதுது. இங்கிலீஷ்லயும் வருது, மெதுவா படிச்சாலும் பரவாயில்ல.

கடைசியா ஒரு செய்திய இந்த முறைல போட்டுப் பாக்கலாம். 2025 டிசம்பர்ல எஸ்டிசி படை ஹத்ரமவுத்துக்குள்ளயும் அதுக்குக் கிழக்க இருக்கிற மஹ்ராவுக்குள்ளயும் புகுந்துச்சு, 30ஆம் தேதி சவூதி விமானம் ஹத்ரமவுத்தோட முகல்லா துறைமுகத்துல குண்டு போட்டுச்சு, எமிரேட்ஸ்லேர்ந்து பிரிவினைக்காரங்களுக்கு வந்த ஆயுதம்னு சொல்லி. எமிரேட்ஸ் மிச்சமிருந்த தன் ஆளுங்கள எடுத்துக்கறோம்னுச்சு. மேப்புல பாருங்க, ஹத்ரமவுத் சவூதி எல்லைய ஒட்டியே இருக்கு, எண்ணெய் அங்க. தெற்க தனி நாடாக்கணும்னா அந்த எண்ணெய் இல்லாம முடியாது, ஆனா தன் எல்லைல இன்னொருத்தர் சம்பளம் கொடுக்கிற படை நிக்கறத ரியாத் ஏத்துக்காது. ஹத்ரமவுத்காரங்கள்லயே பல பேருக்கு சனாவும் வேணாம், ஏடனும் வேணாம், தங்களோட மண்ண தாங்களே ஆளணும்னு இருக்கு, நம்ம செய்திங்கள்ல அவங்க குரல் வரவே மாட்டேங்குது. அடுத்த தடவ ஹத்ரமவுத் பேர் வந்தா, எந்தக் கொடி பறக்குதுன்னு தேடறதுக்கு முன்னாடி எண்ணெய் வயல் காவல்ல நிக்கிற ஆளுங்க உள்ளூர்க்காரங்களா, அந்த மாச சம்பளம் யாருகிட்டயிருந்து வந்துச்சுன்னு தேடிப் படிங்க.